பிள்ளையின் படிப்புக்கு ஒரு பாத்தி

பல்கலைக்கழகப் படிப்பு எமது நாட்டில் இலவசம். சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்கள் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1945 ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வித் திட்டம் ஏழைக் கமக்காரனின் பிள்ளைக்கும் பல்கலைக்கழக வாசலைத் திறந்துவிட்டது. இன்றுவரை அரச பல்கலைக்கழகங்களில் பட்டப்படிப்புக்கு வரும் மாணவரிடம் கற்பித்தற் கட்டணம் கேட்கப்படுவதில்லை. இது பெரிய காரியம். உலகத்தில் எத்தனையோ நாடுகளில் இப்படியொரு வசதி கிடையாது.

ஆனால், 'இலவசம்' என்ற அந்த ஒரு சொல்லை நம்பி எந்த ஆயத்தமும் செய்யாமல் இருந்துவிட்டு, பிள்ளை தெரிவாகிய பின்னர் காசுக்கு அலைகின்ற பெற்றோரை நாம் வருடந்தோறும் காண்கிறோம். வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து, வல்வெட்டித்துறைக்கு அண்மையில் வெங்காயத் தோட்டங்களில் கூலிக்குப் போகும் ஒரு தாய் என்னிடம் கேட்டார்: "பாதர், கம்பஸுக்குக் காசு கட்டத் தேவையில்லை எண்டுதானே எல்லாரும் சொல்லினம். பிள்ளை இப்பதான் எட்டாம் வகுப்பு. பிறகேன் இப்பவே சேர்க்கச் சொல்லுறியள்?" நியாயமான கேள்வி. அதற்குரிய மறுமொழிதான் இக்கட்டுரை.

எங்கள் பெற்றோரும் பாட்டன்மாரும் பிள்ளைகளை எப்படிப் படிப்பித்தார்கள் என்பதை முதலில் நினைத்துப் பார்ப்போம். யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் புகையிலையை விற்றுப் படிப்பித்தார். அந்தப் புகையிலை மலையாள தேசம்வரை போனது. பின்னர் மிளகாயும் வெங்காயமும் படிப்பித்தன. ஒரு போகம் பிழைத்தால் காணியில் இரண்டு பரப்பை ஈடு வைத்தார்கள். பிள்ளை உத்தியோகத்துக்குப் போனதும் மீட்டார்கள். காணி பயிர் விளைவிக்கும் இடமாக மட்டுமல்லாமல், குடும்பத்தின் வங்கியாகவும் இருந்தது.

1990 ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தபோது அந்த வங்கி பூட்டப்பட்டுவிட்டது. உறுதி கையில் இருக்கிறது, காணிக்குள் கால் வைக்க முடியாது. உழ முடியாத காணியின் உறுதியை எந்த வங்கி பொறுப்பேற்கும்? போர் முடிந்த பின்னர் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன. மயிலிட்டித் துறைமுகம் 2017 இல் திரும்பக் கிடைத்தது. ஆயினும் எல்லாருக்கும் எல்லாம் கிடைத்துவிடவில்லை. கிடைத்தவர்களுக்கும் வீடு இருந்த இடத்தில் பற்றை, கிணறு இருந்த இடத்தில் கற்குவியல். வடமராட்சி கிழக்கிலிருந்தும் வன்னியிலிருந்தும் இடம்பெயர்ந்து வந்தவர்களின் கதையும் இதற்குப் பெரிதும் வேறானதல்ல.

வல்வெட்டித்துறை கடலோடிகளின் ஊர். இங்கே கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகம்வரை போய்ச் சேர்ந்ததை இவ்வூரார் இன்றும் பெருமையோடு சொல்வார்கள். கடலை நம்பியவருக்கும் தோட்டத்தை நம்பியவருக்கும் காசு கையில் வரும் விதம் வேறு. தோட்டக்காரனுக்கு வெங்காயம் கிண்டும்போது ஒரே தொகையாக வரும். அதோடு கடன்காரனும் வந்து நிற்பான். இடம்பெயர்ந்த தோட்டக்காரன் கூலிக்காரனாகிய பின்னரோ அன்றாடம் வருவது அன்றாடம் போய்விடுகிறது. பிள்ளையின் படிப்புச் செலவு இந்த இரண்டு விதத்துக்கும் பொருந்தாமல், மாதாமாதம், தவறாமல் வருகிறது. திட்டமிடாவிட்டால் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

செலவு தொடங்கும் இடம்

பல்கலைக்கழகத்துக்கு என்று காசு சேர்ப்பவர்கள் பிள்ளை பல்கலைக்கழகத்துக்குப் போகும் நாளை மனதில் வைத்துச் சேர்க்கிறார்கள். உண்மையில் பணம் அதிகம் கரைவது அதற்கு முந்திய க.பொ.த. உயர்தர வகுப்பிலாகும். உயர்தரத்தில் தகுதி பெறுவோரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கே அரச பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கிறது. அந்தப் போட்டியின் காரணமாகப் பாடசாலை விட்டதும் ரியூசன். அது சரியா பிழையா என்று விவாதிப்பது வேறு விடயம். என் கருத்துப்படி எல்லாப் பாடத்துக்கும் ரியூசன் என்பது பிள்ளையைக் களைக்கச் செய்கிறதேயொழியப் படிப்பிப்பதில்லை. ஆயினும் எங்கள் பிள்ளைகள் போகத்தான் போகிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இவை உதாரணத்துக்காக எடுத்த தொகைகள். உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். மூன்று பாடத்துக்கும் பாடத்துக்கு 2,000 ரூபா வீதம் மாதம் 6,000 ரூபா. இரண்டு வருடத்துக்கு 1,44,000 ரூபா. விஞ்ஞானமோ கணிதமோ படிக்கப் பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரி போன்ற பாடசாலைக்குப் போனால் போக்குவரத்தும் சேரும்.

இப்போது அதே பிள்ளை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகி, வல்வெட்டித்துறையிலிருந்து நாள்தோறும் பஸ்ஸில் போய்வருகிறது என்று வைப்போம். தூரம் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். பஸ், மதியச் சாப்பாடு, புத்தகம், பிரதி எடுப்பது எல்லாமாக மாதம் 10,000 ரூபா என்றால், வருடத்துக்குப் பத்து மாதப்படி நான்கு வருடத்துக்கு 4 இலட்சம். மகாபொல உதவி கிடைத்தால், 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்ட மாதம் 7,500 ரூபாவின்படி, அதில் 3 இலட்சம் வந்துவிடும். குடும்பம் போடவேண்டியது 1 இலட்சம். அதாவது, உயர்தர ரியூசனுக்குக் கொடுத்ததைவிடக் குறைவு!

அதே பிள்ளை தூர இடத்துப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குப் போய் அறை எடுத்துத் தங்கினால் கணக்குத் தலைகீழாக மாறும். மாதம் 25,000 என்று எடுத்தால் நான்கு வருடத்துக்கு 10 இலட்சம். மகாபொல போக மிகுதி 7 இலட்சம். பல்கலைக்கழக விடுதி மலிவு. ஆனால் பெரும்பாலும் முதல் வருடத்தாருக்கும் இறுதி வருடத்தாருக்குமே அதில் முன்னுரிமை கிடைக்கிறது; இடைப்பட்ட வருடங்களில் வெளியே அறை தேட வேண்டும்.

7 இலட்சம் என்றதும் மலைக்க வேண்டாம். பல்கலைக்கழகம் தொடங்கும் முதல் நாளே அந்தத் தொகை முழுவதும் கையில் இருக்க வேண்டியதில்லை. பிள்ளை எட்டாம் தரத்தில் இருக்கும்போது தொடங்கி, பட்டம் பெறும்வரை சேர்த்தால் ஏறத்தாழ பன்னிரண்டு வருடம், 144 மாதம். தூரப் பல்கலைக்கழகத்துக்கு மாதம் ஏறத்தாழ 4,900 ரூபா. வீட்டிலிருந்து போய்வருவதற்கு மாதம் 700 ரூபா. உயர்தரத்தில் தொடங்கினால் இதே தொகை ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். அந்தத் தாய் கேட்ட கேள்விக்கு விடை இந்தக் கணக்கில் இருக்கிறது.

1974 இல் திருநெல்வேலியில், பரமேஸ்வராக் கல்லூரி இருந்த வளவில் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபோது அதன் அரசியல் பற்றி நிறையப் பேசினார்கள். எங்கள் ஏழைக் குடும்பங்களுக்கு அது பஸ்ஸில் போய்வரக்கூடிய பல்கலைக்கழகம் என்பது பற்றிப் பேசியவர் குறைவு. மருத்துவம், கலை, விஞ்ஞானம், முகாமைத்துவம் முதலியவை யாழ்ப்பாணத்தில் இருக்கின்றன. விவசாயம், பொறியியல், தொழில்நுட்பம் ஆகிய பீடங்கள் கிளிநொச்சி அறிவியல்நகரில் உள்ளன. அங்கே நாள்தோறும் போய்வருவது கடினம், தங்கத்தான் வேண்டும். அங்கே படிக்க விரும்பும் பிள்ளைக்கு வேறு கணக்குப் போட வேண்டும்.

காத்திருக்கும் காலம்

உயர்தரப் பரீட்சை எழுதிய நாளுக்கும் பல்கலைக்கழகத்துக்குள் கால் வைக்கும் நாளுக்கும் இடையில் ஒரு வருடத்துக்கு மேல் போய்விடுகிறது. 2022 ஆம் ஆண்டுக்குரிய பரீட்சை 2023 ஜனவரியில்தான் தொடங்கியது. பெறுபேறு அவ்வருடம் செப்டெம்பரில் வந்தது. அதன் பின்னர் வெட்டுப்புள்ளி, பதிவு என்று மாதங்கள் ஓடின.

இந்தக் காலத்தைச் சும்மா போகவிடும் வீடுகள் பல. பிள்ளை கைத்தொலைபேசியோடு மூலையில் இருக்கிறது; தகப்பன் தனியே இறைப்புக்குப் போகிறார். பத்தொன்பது வயதுப் பிள்ளை இந்த இடைவெளியில் உழைத்துத் தன் முதலாம் வருடச் செலவைத் தானே சேர்க்கலாம். கீழ் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கலாம், கடையில் நிற்கலாம், குத்தகைக்கு எடுத்த நான்கு பரப்பில் ஒரு போகம் வெங்காயம் வைக்கலாம். படித்த பிள்ளை மண்ணைத் தொடக்கூடாது என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. மண் வெட்டிய கைதான் அதனைப் படிப்பித்தது.

எங்கே சேர்ப்பது?

வங்கி நல்லது. தேசிய சேமிப்பு வங்கியின் வைப்புகளுக்கு அரசாங்கத்தின் முழு உத்தரவாதம் உண்டு. ஆனால் இரண்டு விடயங்களைக் கவனியுங்கள். சிறுவர் சேமிப்புக் கணக்கில் போட்ட காசைப் பொதுவாகப் பிள்ளைக்கு 18 வயது ஆகும்வரை எடுக்க முடியாது. உயர்தரம் தொடங்குவது 16, 17 வயதில். ஆகவே எல்லாவற்றையும் அந்தக் கணக்கில் போட்டுவிட்டால், காசு தேவைப்படும்போது புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். பல்கலைக்கழகத்துக்குரியதைச் சிறுவர் கணக்கிலும் உயர்தரத்துக்குரியதைத் தாயின் பெயரிலுள்ள வேறொரு கணக்கிலுமாகப் பிரித்து வையுங்கள்.

மற்றது, விலைவாசி. 2022 செப்டெம்பரில் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்துக்கு ஏறியது. பல வருடமாக வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த காசு ஒரே வருடத்தில் பாதிப் பெறுமதியாகிவிட்டதை எல்லாரும் கண்டோம். அந்த வருடத்தில் ஆடு வைத்திருந்தவர் நட்டப்படவில்லை. ஆட்டின் விலையும் ஏறியது. ஆகவே சேமிப்பு முழுவதும் காசாக இருக்கக்கூடாது. பிள்ளை எட்டாம் வகுப்புக்கு வரும்போது இரண்டு மறிக்குட்டி வாங்கிவிட்டு, அவற்றின் குட்டிகளைப் 'படிப்பு ஆடு' என்று பெயர் வைத்து ஒதுக்குங்கள். குலை வெட்ட வேலியிலே கிளுவையும் பூவரசும் இருந்தால் தீன் செலவு அதிகமில்லை. குத்தகைக் காணியில் தோட்டம் செய்வோர் ஒவ்வொரு போகத்திலும் ஒரு பாத்தியை முதலிலேயே பிள்ளையின் படிப்புக்கென்று குறித்துவிடலாம். அந்தப் பாத்தியின் வெங்காயம் விற்ற காசு கடன்காரனுக்கும் போகாது, கலியாண வீட்டுக்கும் போகாது. விலை விழுந்தால் குறைவாக வரும், பரவாயில்லை.

சீட்டு எங்கள் பெண்களுக்குக் கைவந்த கலை. அறிந்த பத்துப் பேருக்குள், பத்து மாதத்துக்குள் முடிகிற சிறிய சீட்டு நல்லது. கடைசியாக எடுக்க ஒப்புக்கொள்ளுங்கள். முதலில் எடுப்பவருக்கு அது கடன், கடைசியில் எடுப்பவருக்கு அதுவே சேமிப்பு. தாச்சி முகமறியாதவர் என்றால், எவ்வளவு பெரிய தொகை சொன்னாலும் சேர வேண்டாம். உங்கள் பகுதியில் ஒழுங்காக நடக்கும் சிக்கனக் கடன் கூட்டுறவுச் சங்கம் இருந்தால் அதில் சேருங்கள். வருடாந்தக் கூட்டத்துக்குப் போய்க் கணக்கைக் கேளுங்கள். கேட்கிறவர்கள் இருக்கிற சங்கத்தில்தான் கணக்கு ஒழுங்காக இருக்கும்.

வீட்டு வாசலில் வந்து கடன் கொடுத்துவிட்டுக் கிழமைக்குக் கிழமை அறவிடும் நுண்கடனைப் படிப்புக்காக எடுக்கவே வேண்டாம். கடன் கட்டுவதற்கு மாடு பால் தர வேண்டும், கடை வியாபாரம் நடக்க வேண்டும். படிப்பு நான்கு வருடம் கழித்துத்தான் பலன் தரும். கிழமைத் தவணை அதுவரை காத்திருக்காது. வறட்சி மாவட்டங்களின் பெண்கள் பெற்றிருந்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை 2018 இல் அரசாங்கமே தள்ளுபடி செய்யும் அளவுக்கு நிலைமை மோசமாகியது என்பதை மறக்க வேண்டாம். வேறு வழியில்லையென்றால் நகையை வங்கியில் அடகு வையுங்கள். மூழ்கினாலும் நகை மட்டும்தான் போகும்.

விடுவிக்கப்பட்ட காணியை விற்றுப் பிள்ளையை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பலாமா என்று இப்போது பலர் கேட்கிறார்கள். முகவர்கள் வீடு தேடி வருகிறார்கள். பிரித்தானியா 2024 ஜனவரியிலிருந்து, ஆராய்ச்சிப் படிப்புக்கு வருவோர் போன்ற சிலரைத் தவிர மற்ற மாணவர்கள் குடும்பத்தாரை அழைத்துவர அனுமதிப்பதில்லை. கனடா அதே மாதத்தில் மாணவர் அனுமதிகளுக்கு உச்சவரம்பு விதித்தது. கையில் காட்டவேண்டிய வாழ்க்கைச் செலவுத் தொகையையும் 10,000 டொலரிலிருந்து 20,635 டொலராக உயர்த்தியது. முகவர் இதையெல்லாம் முதலில் சொல்லமாட்டார். முப்பது வருடம் காத்திருந்து பெற்ற காணியை ஒரு விசா விண்ணப்பத்தில் வைப்பதை நான் ஆதரிக்கமாட்டேன். குத்தகைக்குக் கொடுங்கள், ஒரு பகுதியை ஈடு வையுங்கள். அறுதியாக விற்க வேண்டாம்.

பெண்பிள்ளைகள் பற்றியும் ஒரு வார்த்தை. பெண் பிறந்த வீட்டில் எட்டாம் வகுப்பிலல்ல, பிறந்த அன்றே சேமிப்புத் தொடங்குகிறது. ஆனால் அது சீதனத்துக்கு. அந்த நகையில் ஒரு பங்கைப் படிப்புக்கு எடுக்கலாமா என்று கேட்டால் தாய்மாரே தயங்குகிறார்கள். "படிச்சாலும் சீதனம் கேப்பினம்தானே" என்கிறார்கள். கேட்பார்கள்தான். ஆனால் மாதச் சம்பளம் எடுக்கிற பெண்ணுக்காகப் பேசும்போது தாயின் குரல் வேறு மாதிரி இருக்கும்.

பத்திரங்களும் மாற்று வழிகளும்

மகாபொல 1981 இல் சட்டமூலம் அமைக்கப்பட்ட நிதியம். உயர்தரப் பெறுபேற்றோடு குடும்ப வருமானமும் பார்க்கப்படுகிறது. அது கிடைக்காதவர்களுக்குப் 'பேசரி' என்ற உதவித்தொகை இருக்கிறது. 2025 அறிவிப்பின்படி அது மாதம் 6,500 ரூபா. வருடத்துக்குப் பத்துத் தவணைதான், பன்னிரண்டு அல்ல. தவணை பிந்துவதும் புதிதல்ல. முதல் மூன்று மாதச் செலவை உதவித்தொகை இல்லாமலே சமாளிக்கத்தக்கதாகக் கையில் வைத்திருங்கள்.

இடம்பெயர்ந்த குடும்பங்கள் சிக்கிக்கொள்வது பத்திரங்களில்தான். வருமானத்தைக் கிராம அலுவலர் உறுதிப்படுத்த வேண்டும். பதிவு பழைய ஊரில், சீவியம் புதிய ஊரில் என்றால் இருவரிடமும் அலைய வேண்டிவரும். பிறப்புச் சான்றிதழ் இடப்பெயர்வில் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தில் பிரதி எடுக்கலாம். அதைப் பிள்ளை பத்தாம் வகுப்பில் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். கூடப் பிறந்தவர்கள் படிக்கும் பாடசாலைகளின் கடிதங்களும் தேவைப்படும். இன்னொன்று, பல்கலைக்கழக அனுமதியில் மாவட்டப் பங்கு முக்கியமானது. இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைப்படியும் 55 வீதம் மாவட்டச் சனத்தொகைப்படியும் 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கென்றும் பொதுவாகப் பகிரப்படுகின்றன. பரீட்சைக்கு முந்திய மூன்று வருடம் பிள்ளை எந்த மாவட்டத்தில் படித்தது என்பது கவனிக்கப்படும். ஆகவே சாதாரண தரம் முடிந்ததும் கிளிநொச்சிக்குப் போவதா, இங்கேயே நிற்பதா என்று தீர்மானிக்கும் குடும்பம் இதையும் யோசித்துத் தீர்மானிக்க வேண்டும்.

நால்வரில் மூவருக்கு இடம் கிடைக்காது என்றோம். அந்த மூவருக்கும் வழி இருக்கிறது. அதையும் முதலிலேயே கணக்கில் சேர்க்க வேண்டும். யாழ்ப்பாணம் உயர் தொழில்நுட்ப நிறுவனத்தில் முழுநேர உயர் தேசிய டிப்ளோமாவுக்குக் கட்டணமில்லை. கோப்பாய்த் தேசியக் கல்வியியற் கல்லூரியில் ஆசிரியப் பயிற்சி, யாழ்ப்பாணத்தில் தாதியர் பயிற்சி ஆகியவற்றில் படிக்கும்போதே கொடுப்பனவு உண்டு. அறிவியல்நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிலையம் இருக்கிறது. திறந்த பல்கலைக்கழகத்துக்கு யாழ்ப்பாணத்தில் பிராந்திய நிலையம் உண்டு. அங்கே கட்டணம் இருந்தாலும் வேலை செய்துகொண்டே படிக்கலாம். அரசு 2017 இல் தொடங்கிய வட்டியில்லா மாணவர் கடன் திட்டம் தனியார் பட்டப்படிப்புகளுக்கானது. வட்டியை அரசு பொறுப்பேற்கிறது, முதலை மாணவர் கட்ட வேண்டும். அத்தகைய நிறுவனங்களில் பெரும்பாலானவை கொழும்பை அண்டியவை. கொழும்பில் அறைக்கும் சாப்பாட்டுக்கும் வேறாகச் செலவு வரும்.

உயர்தரப் பெறுபேறு வந்ததும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கையேடு தமிழிலும் வெளிவருகிறது. மூன்று நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒன்றை எடுத்து, ஒரு பின்னேரம் உட்கார்ந்து வாசியுங்கள். பாடநெறிகளை விருப்ப ஒழுங்கில் எழுதும்போது பிள்ளை தோழர்களைப் பார்த்து எழுதிவிடும். பெற்றோர் அருகே இருந்து, எந்தப் பாடநெறி எந்த ஊரில், எத்தனை வருடம், பஸ்ஸில் போய்வரலாமா, தங்க வேண்டுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதச் செய்யுங்கள். போய்வரக்கூடிய இடமென்றால் இ.போ.ச. மாணவர் பருவச்சீட்டு பற்றியும் விசாரியுங்கள். முடிவுத் திகதி கடந்துவிட்டால் அந்த ஒழுங்கை மாற்றுவது கடினம்.